மற்ற இரவுகளின் சாட்சி

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கோத்தகிரியின் குளிரிலும் கலையாமல் அமர்ந்திருக்கும் சபையாரே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். விசுவாசியின் மறுரூபம், அதாவது உள்ளான மாற்றம், நிகழ்வது மனந்திரும்பிய அந்த ஒரு நாளிலா, அதற்குப் பின்வரும் அன்றாடப் புதுப்பித்தலிலா என்ற கேள்விக்கு, அன்றாடப் புதுப்பித்தலிலேயே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், தமஸ்கு வழியில் வானத்து ஒளி கண்டு விழுந்த சவுலை, பின்னாளில் பவுல் எனப்பட்டவரைக், காட்டி, ஒரே ஒளியில் ஒரு மனிதன் புதிதானான் என்றார். அந்த ஒளியை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே பவுல், அதன்பின் அரபி தேசத்துக்குப் போனதையும், 3 ஆண்டுகள் கழித்தே பேதுருவைக் காண எருசலேமுக்குச் சென்றதையும் கலாத்தியருக்கு எழுதுகிறார். கட்டுண்ட நிலையில் பிலிப்பியருக்கு எழுதும்போதும், தாம் இன்னும் முற்றும் தேறினவரல்லர் என்றே சொல்கிறார். "உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்று ரோமருக்கு அவர் எழுதியது ஏற்கெனவே விசுவாசித்தவர்களுக்கு. அதன் கிரேக்க வினையும் ஒருமுறை நடந்து முடிவதையன்றி, தொடர்ந்து நடப்பதைக் குறிக்கும் வடிவில் உள்ளது. பேதுருவோ, பெந்தெகொஸ்தே நாளில் ஆவியால் நிரப்பப்பட்ட பிறகும், அந்தியோகியாவில் மனிதருக்குப் பயந்து, யூதரல்லாத புறஜாதியாரின் பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார். சாதி பார்த்து ஆலயத்தில் தனித்தனியே அமர்ந்த வரலாறுள்ள நம் தமிழ்ச் சபைகள், இந்த இடத்தை நிறுத்தி நிதானமாக வாசிக்க வேண்டும்.

இயேசுவின் அருகே சிலுவையில் தொங்கி மனந்திரும்பிய கள்வனுக்கு அன்றாடம் ஏது என்று இரண்டாவது பேச்சாளர் கேட்டார். அவனுக்கு மிஞ்சியிருந்தது சில மணி நேரமே. அதற்குள்ளும், உடன் தொங்கியவனைக் கடிந்துகொள்ளும் அளவுக்கு அவன் மாறினான்.

நம் மலைச்சரிவைப் பாருங்கள். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவாத்து செய்வது, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, ஒரு நாள் வேலை. ஆனால் துளிர்த்த பின் முறை தவறாமல் கொழுந்து எடுக்காவிட்டால், இலை முற்றி, விட்டுவிட்ட செடி மரமாகவே வளர்ந்துவிடும்.

என் தந்தை தோட்டத் தொழிலாளி. நற்செய்திக் கூட்டமொன்றில் முழங்காலிட்ட இரவே குடியை விட்டார்; அது தேவன் செய்த அற்புதம் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அம்மாவை அதட்டும் நாக்கு அந்த இரவில் மாறவில்லை. கடுஞ்சொல் சொன்ன நாளில், குடும்ப ஜெபத்துக்கு வேதத்தைத் திறக்குமுன், பிள்ளைகள் எங்கள் முன்னிலையிலேயே அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பார். முதலில் அது ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் நடந்தது. பிறகு வாரத்துக்கு ஒருமுறை ஆனது. நான் பள்ளிப் படிப்பை முடித்தபோது, கடைசியாக எப்போது கேட்டார் என்பதே எங்களுக்கு நினைவில்லை. சபையில் சாட்சி சொல்லும்போது அப்பா அந்த ஓர் இரவைத்தான் சொல்வார். அம்மாவிடம் கேட்டால் மற்ற இரவுகளைச் சொல்வார். நடுவர் அவர்களே, அம்மாவின் சாட்சியையும் கேட்டுத் தீர்ப்பு வழங்குமாறு வேண்டுகிறேன்.