பிடிக்காத பரிசும் பிள்ளையின் முகமும்

வணக்கம். பிடிக்காத பரிசு கைக்கு வரும்போது ஒரு குழந்தை தன் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதைப் பற்றி இன்றைக்குப் பேசலாம் என்றிருக்கிறேன். சின்ன விஷயந்தானே என்று தோன்றும். ஆனால் உளவியலாளர்கள் இதை வேண்டுமென்றே நடத்திப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கரோலின் சார்னி என்பவர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிறு வேலையைச் செய்துகொடுத்த பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல்முறை நல்ல பரிசும், மறுமுறை கைக்குழந்தைக்குக் கொடுக்கிற பொம்மையும் கிடைத்தன. அதைப் பார்த்ததும் சின்ன வகுப்புப் பிள்ளைகள், அதிலும் பையன்கள், ஏமாற்றத்தை அப்படியே காட்டினார்கள். பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகளோ சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு இதைவிட வியப்பளித்தது, 1986இல் வெளிவந்த பமீலா கோலின் ஆய்வு. மூன்று, நான்கு வயதுப் பெண்குழந்தைகள்கூடப் பரிசு கொடுத்தவர் எதிரே இருந்தபோது ஏமாற்றத்தை அடக்கிக்கொண்டார்கள், தனியாக இருந்தபோது காட்டிவிட்டார்கள். ஆனால், மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு முகத்தில் வேறொன்றைக் காட்ட முடியும் என்பதைச் சொல்லத் தெரிவதற்கு ஏறக்குறைய ஆறு வயதாக வேண்டும் என்று அதே காலத்தில் பால் ஹாரிஸும் அவருடைய குழுவினரும் கண்டார்கள். அதாவது, இலக்கணம் தெரியாமலே தாய்மொழி பேசுவதைப்போல, மறைக்கிறோம் என்று அறியாமலே பிள்ளைகள் மறைக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

நம் வீடுகளில் இந்தப் பாடம் வாய்விட்டே நடக்கிறது. "அத்தை ஆசையா வாங்கிட்டு வந்திருக்காங்க, சிரிச்ச முகமா வாங்கிக்கோ" என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. அதற்குமேல், "ஆம்பளப்புள்ள அழலாமா?" என்று பையனிடம் அழுகையை மறைக்கச் சொல்கிறோம், "பொம்பளப்புள்ளைக்கு இவ்வளவு கோபம் ஆகாது" என்று பெண்ணிடம் கோபத்தை மறைக்கச் சொல்கிறோம். முதலாவதை மரியாதை என்று ஒப்புக்கொள்கிறேன். பின்னிரண்டையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இனி நான் சொல்வது ஆய்வு முடிவு அன்று, என் கணிப்பு மட்டுமே. பள்ளியில் சமத்து என்று பெயரெடுத்த பிள்ளை, வீட்டுக்குள் நுழைந்ததும் பையை விட்டெறிந்து, ஷூ லேஸ் அவிழவில்லை என்று ஓவென்று அழுதால், வீம்பு என்று அதட்டிவிடுகிறோம். பகலெல்லாம் டீச்சர் முன்னால் அடக்கிவைத்த ஏதோ ஒன்று, அடக்கத் தேவையில்லாத அம்மாவைக் கண்டதும் வெளியே வருகிறது என்றே எனக்குப் படுகிறது.