ஜஹானாரா வாழ்ந்த அரண்மனைகள்

எல்லாருக்கும் வணக்கம்.

இளவரசின்னு சொன்னதும் நம்ம மனசுல ஒரு உருவம் வந்துடும், பட்டு உடுத்தி உப்பரிகையில நிக்கிற பொண்ணு, சுத்தி தோழிங்க, கடைசியில ஒரு கல்யாணம். இன்னைக்கு நான் பேச வந்திருக்கிற இளவரசிக்குக் கல்யாணமே நடக்கல. ஷாஜஹானுக்கும் மும்தாஜுக்கும் பொறந்து பொழைச்ச பிள்ளைங்கள்ல மூத்தவங்க, ஜஹானாரா. தாஜ்மஹாலைப் பத்தி வாய் ஓயாம பேசுற நாம இவங்களைப் பத்திப் பேசுறதே இல்ல, எனக்கு அதுல ரொம்ப நாளா வருத்தம்.

1614ல பொறந்தவங்க. 1631ல புர்ஹான்பூர்ல அம்மா மும்தாஜ் பிரசவத்துல இறந்தப்போ இவங்களுக்கு வயசு 17. அம்மா சொத்துல பாதி இவங்களுக்கு, மிச்சத்தைத்தான் மத்த பிள்ளைங்க பங்கு போட்டுக்கிட்டாங்க. அப்பாவுக்கு வேற மனைவிங்க இருந்தும், பாதுஷா பேகம், அதாவது பேரரசோட முதல் பெண்மணிங்கிற பட்டம் இந்தப் பொண்ணுக்குத்தான் வந்துச்சு. அந்தப்புரம்னா சும்மா உட்கார்ந்து பூ கட்டுற எடம்னு நினைச்சுடாதீங்க. இவங்க பேர்ல முத்திரை போட்டு ஆணை போகும், சொந்தமா சாஹிபின்னு ஒரு கப்பல் ஓடுச்சு.

ஆனா அதே அரண்மனை எவ்வளவு ஆபத்தான எடம்னும் பாருங்க. 1644ல ஒரு ராத்திரி, நடந்து போறப்போ மெல்லிசுத் துணியோட ஓரம் விளக்குல பட்டுச்சு. துணி முழுக்க அத்தர் ஊறியிருந்ததால குப்புனு பத்திக்கிச்சு. அணைக்க ஓடி வந்த பணிப்பெண்கள்ல ரெண்டு பேர் செத்தே போயிட்டாங்க. அவங்க பேர் கூட நமக்குத் தெரியாது, அதை நினைச்சாத்தான் எனக்கு மனசு கனத்துப் போகுது. மாசக்கணக்கா ஜஹானாரா படுக்கையில கெடந்தாங்க, பேரரசரே பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டாரு, பொழைச்சு எழுந்ததும் சூரத் துறைமுக வருமானத்தை மகளுக்கே எழுதிக் குடுத்தாரு.

கையில வந்த பணத்தை என்ன பண்ணாங்க? டெல்லி செங்கோட்டை 1648ல முடிஞ்சுது, அது அப்பா கட்டினது. அதுக்கு எதிர்ல இருக்கிற சாந்தினி சௌக் இவங்க அமைச்சது. நடுவுல கால்வாய், ரெண்டு பக்கமும் கடைங்க, வியாபாரிங்க தங்க பெரிய சராய். பெர்னியேன்னு ஒரு பிரெஞ்சுப் பயணி அதைப் பார்த்துட்டு, இந்த மாதிரி பாரிஸ்லயும் இருந்தா நல்லா இருக்கும்னு எழுதி வெச்சிருக்காரு. 1857 கிளர்ச்சிக்கு அப்புறம் ஆங்கிலேயர்கள் அந்த சராயை இடிச்சுட்டு டவுன்ஹால் கட்டிட்டாங்க.

1658ல அரியணைச் சண்டையில ஜெயிச்ச தம்பி ஔரங்கசீப், அப்பாவை ஆக்ரா கோட்டையிலேயே சிறை வெச்சுட்டாரு. தங்கச்சி ரோஷனாரா ஜெயிச்சவர் பக்கம் நின்னு பெரிய எடத்துக்குப் போயிட்டாங்க. ஜஹானாரா அப்பாவோட உள்ள இருந்துட்டாங்க, எட்டு வருஷம். முசம்மன் புர்ஜ்னு எட்டுப் பட்டை வெள்ளைப் பளிங்கு மண்டபம், ஷாஜஹான் நல்லா இருந்த காலத்துல ஆசை ஆசையா கட்டினது, அங்க நின்னு பார்த்தா யமுனை வளையுற எடத்துல தாஜ்மஹால் தெரியும். தான் கட்டின மாளிகையிலேயே கைதியா கெடந்து, மனைவி சமாதியைப் பார்த்துக்கிட்டே 1666ல அவர் கண்ணை மூடினாரு. மூடுற வரைக்கும் கூட இருந்தது இந்த மக.

அப்புறம் அதே ஔரங்கசீப் அக்காவுக்குப் பழைய பட்டத்தைத் திருப்பிக் குடுத்தாரு. 1681ல அவங்க இறந்தாங்க.

சமாதி டெல்லி நிஜாமுதீன் தர்காவுல இருக்கு. சுத்தி ஓட்டை ஓட்டையா செதுக்கின பளிங்குத் தடுப்பு, மேல கூரை கெடையாது. சமாதி நடுவுல கல்லை மூடாம விட்டு மண்ணு நிரப்பியிருக்காங்க. தலைமாட்டுக் கல்லுல பாரசீகத்துல வெட்டியிருக்கிறது இதுதான்: பச்சைப் புல்லைத் தவிர வேற எதாலயும் என் சமாதியை யாரும் மூட வேணாம், ஏழைங்க சமாதிக்குப் போர்த்த இந்தப் புல்லே போதும். கூரை இல்லாததால மழை பெஞ்சா நேரா அந்த மண்ணு மேலதான் விழுது.