யுத்தம் நடப்பது நம் வீட்டு முற்றத்தில்

நடுவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் முழங்கிவிட்டுப் போன எதிரணி அண்ணன் அவர்களே, காலையில் அறுப்பின் பண்டிகைக் காணிக்கை ஏலத்தில் பையைக் காலி பண்ணிவிட்டு, 'இந்த நிகழ்ச்சிக்குக் காசு கேட்கமாட்டார்கள்' என்ற நிம்மதியில் உட்கார்ந்திருக்கும் சபை மக்களே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

பிசாசோடு நமக்கு நடக்கிற ஆவிக்குரிய யுத்தத்தின் முக்கியக் களம் வானமண்டலமா, வீட்டு முற்றமா? இதுதான் இன்றைய பட்டிமன்றத் தலைப்பு. வானமண்டலம் என்று அண்ணன் அணி சாதிக்கிறது. முற்றம் என்று சொல்ல நாங்கள் வந்திருக்கிறோம். அண்ணன் பேசப் பேச எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. அண்ணாந்து பார்த்தேன். நல்லவேளை, பந்தல்தான் தெரிந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிசாசு என்று ஒருவன் இல்லை என்பது எங்கள் வாதம் அல்ல. வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. இயேசு பிசாசுகளைத் துரத்தியிருக்கிறார். கெர்ச்சிக்கிற சிங்கம்போல் அவன் சுற்றித்திரிகிறான் என்று பேதுரு எழுதியிருக்கிறார். அவன் எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறான் என்பதில்தான் எங்களுக்கும் அண்ணனுக்கும் தகராறு.

அண்ணன் தானியேல் 10-ஆம் அதிகாரத்தை எடுத்தார். தானியேலுக்குப் பதில் கொண்டுவந்த தூதனைப் பெர்சியாவின் அதிபதி என்கிற பொல்லாத ஆவி 21 நாள் தடுத்து நிறுத்தியது, ஆகவே சண்டை மேலேதான் என்றார். கைதட்டலும் வாங்கினார். அந்த 21 நாளும் தானியேல் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை மட்டும் விட்டுவிட்டார். ருசியான அப்பத்தைச் சாப்பிடவில்லை, இறைச்சியும் திராட்சரசமும் வாய்க்குள் போகவில்லை, துக்கித்துக்கொண்டிருந்தார் என்று அதே அதிகாரத்தின் தொடக்கம் சொல்கிறது. மேலே ஒரு சண்டை நடக்கிறது என்பதே தூதன் வந்து சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரியும். 'பெர்சியாவின் அதிபதியே, உன்னைக் கட்டுகிறேன்' என்று அவர் ஒரு வார்த்தையாவது பேசினாரா? அதற்கு முந்தின 9-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஜனத்தின் பாவத்தை அறிக்கையிடும்போது தன்னையும் அதில் சேர்த்துக்கொண்டு அழுகிறார். சிங்கக் கெபியிலிருந்து உயிரோடு வந்த மனிதர் ஐயா அவர்!

நம்மாட்களுக்கு மைக் கிடைத்தால் போதும், பிசாசுக்கு விழுகிற திட்டு தெருமுனை வரைக்கும் கேட்கும். யூதா எழுதிய சின்ன நிருபத்தில் 9-ஆம் வசனத்தைப் பாருங்கள். பிரதான தூதனாகிய மிகாவேலே பிசாசோடு தர்க்கிக்கும்போது அவனைத் தூஷிக்கத் துணியவில்லையாம். 'கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக' என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். தூதர்களின் தலைவனுக்கு இருந்த அடக்கம் நம்ம ஊர் கன்வென்ஷன் பந்தலில் இருக்கிறதா?

சரி, பவுல் எழுதிய எபேசியர் நிருபம் 6-ஆம் அதிகாரத்துக்கு வருவோம். இந்தத் தலைப்புக்கே அஸ்திவாரம் அதுதான். 'மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல, துரைத்தனங்களோடும், அதிகாரங்களோடும், இப்பிரபஞ்சத்தின் அந்தகார லோகாதிபதிகளோடும், வானமண்டலங்களிலுள்ள பொல்லாத ஆவிகளின் சேனைகளோடும் நமக்குப் போராட்டம் உண்டு.' அண்ணன் இதில் 'வானமண்டலங்களிலுள்ள' என்ற இடத்தில் குரலை ஏற்றினார். தொடக்கத்தை மென்று விழுங்கிவிட்டார். மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல! எதிரி மனுஷன் அல்ல! பவுல் முதலில் வைத்த எச்சரிக்கை அது. நம்ம குமரி மாவட்டத்தில் பிசாசைத் தேடிப் புறப்பட்டவர்கள் கடைசியில் எங்கே போய் நிற்கிறார்கள்? பக்கத்து வீட்டு வாசலில்தானே?

கல்குளம் பக்கத்தில் ஒரு ஊர். அண்ணன் தம்பி இரண்டு பேர், அப்பன் விட்டுப்போன ரப்பர் விளை, நடுவில் ஒரு எல்லைக்கல். அளந்து பார்த்தபோது மூன்று சென்ட் இடம் தம்பி பக்கம் கூடுதலாக வந்தது. பேச்சு நின்றது. அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் வீட்டில் வரிசையாகக் கஷ்டம். மாடு செத்தது, பையனுக்குக் காய்ச்சல், மரத்தில் பால் குறைந்தது. ஒரு நாள் காலையில் முற்றம் தூத்துக்கொண்டிருந்த மூத்த மருமகள் மதில் ஓரத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பார்த்துவிட்டாள். காய்ந்து கறுத்துப்போன பழம், நடுவில் கம்பி கோத்த ஓட்டை, பக்கத்தில் ஒரு வற்றல் மிளகாய். அவ்வளவுதான். செய்வினை! யார் செய்தது? இதற்கு யோசிக்க வேண்டுமா? தம்பி பெண்டாட்டி, இளையவள்தான்!

ஜெபக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நாலு மூலையிலும் எண்ணெய் ஊற்றினார். 'மந்திரக்கட்டு அறுந்தது, இயேசுவின் இரத்தத்தால் கோட்டை போட்டாகிவிட்டது' என்றார். போகும்போது, 'நெருங்கின இரத்த சம்பந்தம், பெண்பிள்ளை' என்று ஒரு குறிப்பும் கொடுத்துவிட்டுப் போனார். இரத்தத்தோடு நமக்குப் போராட்டம் இல்லை என்று பவுல் எழுதினார். இவர் நெருங்கின இரத்தமாகவே பார்த்துக் கை காட்டினார்! அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. தம்பி ஒரு பழைய வேன் வாங்கியிருந்தான். முன்னால் வைத்திருந்தவர் கண்ணேறு படாமலிருக்க பம்பரில் கட்டிவிட்ட எலுமிச்சையும் மிளகாயும், மதில் ஓரமாக வண்டியைத் திருப்பும்போது அறுந்து விழுந்திருக்கிறது. பழத்தின் கதை தெரிந்துபோயிற்று. ஆனால் அதற்குள் இளையவளை 'மந்திரவாதி' என்று கூப்பிட்டாயிற்று. அந்த வார்த்தையை எந்த எண்ணெய் ஊற்றி எடுப்பது?

அந்த முற்றத்தில் பிசாசு இருந்தானா என்று எதிரணி அண்ணன் கேட்பார். இருந்தான் அண்ணே. சந்தேகமே வேண்டாம். எல்லைக்கல்லில் ஏறி உட்கார்ந்திருந்தான். இதைச் சொல்வது நான் அல்ல, அதே எபேசியர் நிருபம். இரண்டு பக்கம் பின்னால் திருப்பினால் 4-ஆம் அதிகாரம் 26, 27. 'சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது. பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்.' பிசாசுக்கு இடம் கொடுப்பது எப்படி என்று பவுல் விலாசமே எழுதிக் கொடுத்திருக்கிறார். ராத்திரி தாண்டிய கோபம். அதைச் சுற்றி என்ன இருக்கிறது? பொய் பேசாதே, திருடாதே, கெட்ட வார்த்தை பேசாதே, மன்னித்துக்கொள். 6-ஆம் அதிகாரத்தில் சர்வாயுதவர்க்கம், அதாவது பிசாசை எதிர்க்கிற ஆயுதங்கள், வருவதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன இருக்கிறது? புருஷன் மனைவி, அப்பா பிள்ளை, எஜமான் வேலைக்காரன். இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் 'கடைசியாக' என்று ஆரம்பித்து ஆயுதத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். முற்றத்தைக் கடக்காமல் வானமண்டலத்துக்கு வழியே வைக்கவில்லை பவுல்.

காலையில் இதே இடத்தில் ஒரு ஏத்தன் வாழைக்குலை ஏலம் போனதே, பார்த்தீர்கள்தானே? ஐந்நூறில் ஆரம்பித்தது. இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஏற்றிக்கொண்டே போனார்கள். குலை மேல் அவ்வளவு ஆசையா? கர்த்தர் மேல் அவ்வளவு பாசமா? இருந்தால் சந்தோஷம். ஆனால் முதல்வரிசையில் இருந்த பாட்டிகள் எல்லோரும் 'இவன் விடமாட்டான், அவனும் விடமாட்டான்' என்று சிரித்தார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்புக்குக் காரணம் ஊருக்கே தெரியும். சபைக்கு வருமானம் வந்தது. அதே ஏலத்தில் இன்னொருத்தனும் லாபம் பார்த்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். கமிட்டிக்காரர்கள் கோபப்பட வேண்டாம், கணக்கில் நான் கை வைக்கவில்லை.

இன்னொரு சங்கதி. 'கல்யாணத் தடை நீங்க விசேஷ ஜெபம்' என்று போஸ்டர் பார்க்கிறோம். முப்பது வயதுப் பிள்ளையை முன்னால் நிறுத்தி, தலையில் கை வைத்து, தடையின் ஆவியைத் துரத்துகிறார்கள். பிள்ளை எம்.எஸ்சி., பி.எட்., குணமான பிள்ளை. வந்த மாப்பிள்ளை வீட்டார் கேட்டது நூறு பவுனும் காரும், அதற்கு மேல் ரொக்கமும். அந்தப் பிள்ளையைக் கட்டிப்போட்டிருப்பது எந்த ஆவி? அது அவள் தலைக்குள் இல்லையே! சீதனப் பட்டியல் எழுதின தாளில் இருக்கிறது. அந்தத் தாளை எழுதினவரும் நம்ம சபையில் முன்வரிசையில் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். நியாயமாகப் பார்த்தால் யார் தலையில் கை வைத்து ஜெபிக்க வேண்டும்? பவுல் தந்த ஆயுதங்களில் முதலாவது சத்தியம் என்னும் கச்சை, அடுத்தது நீதியென்னும் மார்க்கவசம். 'எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் பிள்ளைக்கு நீங்கள் போடுவதைப் போடுங்கள்' என்று வாயால் சொல்லிவிட்டுத் தரகர் மூலம் தொகை பேசுகிறவனுக்கு இடுப்பில் கச்சையும் இல்லை, மார்பில் கவசமும் இல்லை.

நோய் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நடுவர் கை மணிப்பக்கம் போகிறது. மத்தேயு 4:24-இல் இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களைப் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறது: பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள் என்கிற வலிப்புக்காரர்கள், திமிர்வாதக்காரர். எல்லாவற்றையும் ஒரே பையில் போடவில்லை. 17-ஆம் அதிகாரத்தில் சந்திரரோகியான பையனிடமிருந்து பிசாசைத் துரத்தினாரே என்பார் அண்ணன். ஆமாம், துரத்தினார். எது நோய், எது பிசாசு என்று அவருக்குத் தெரியும். வலிப்பு வந்த பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல நமக்குத் தெரியுமா? நம்ம மண்ணுக்கு சுவிசேஷம் கொண்டுவந்த லண்டன் மிஷன்காரர்கள் 1838-லேயே நெய்யூரில் வைத்தியப் பணியை ஆரம்பித்துவிட்டார்கள். எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் டாக்டர் அந்த நெய்யூரில்தான் வருஷக்கணக்காகக் கத்தி பிடித்தார். அதுவும் ஆவிக்குரிய யுத்தம்தான். மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெயை மட்டும் தடவச் சொல்கிறவர் எந்தப் பக்கம் நின்று சண்டை போடுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

பிசாசைப் பக்கத்து வீட்டில் தேடுகிற பழக்கம் வீட்டோடு நிற்காது, நடுவர் அவர்களே. அடுத்த தெருவுக்குப் போகும், அடுத்த மதத்துக்குப் போகும். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டு இந்து-கிறிஸ்தவக் கலவரத்தில் என்ன நடந்தது என்று இங்கே நரைத்த தலைகளுக்குத் தெரியும். துப்பாக்கிச் சூடு, கடற்கரை ஊர்களில் சாவு, இரண்டு பக்கமும் எரிந்த வீடுகள். அந்த நாட்களில் ஒவ்வொரு பக்கமும் எதிர்ப்பக்கத்தைப் பிசாசாகத்தான் பார்த்தது. அப்போது சமாதானம் பேச வந்தவர்களில் ஒருவர் குன்றக்குடி அடிகளார், சைவ மடத்தின் தலைவர். இந்தப் பட்டிமன்றக் கலையை மேடைமேடையாக வளர்த்தவரும் அவர்தான் என்பதை இந்த மேடையில் நின்று சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். பவுலின் ஆயுதப் பட்டியலில் வருகிற, சமாதானத்தின் சுவிசேஷத்திற்குரிய ஆயத்தம் என்னும் பாதரட்சையைப் பற்றி நாம் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் காலால் நடந்தே வந்துவிட்டார்.

இப்போது நம்ம மண்ணின் சாட்சி ஒருவரைக் கூப்பிடுகிறேன். நாங்கள் சிஎஸ்ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபை, அவர் கத்தோலிக்கப் புனிதர் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நட்டாலத்துக்காரர், நமக்கும் சொந்தம்தான். 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம். ஒரு கட்டத்தில் வீட்டில் அடிமேல் அடி. மாடுகள் சாகின்றன, பயிர் போகிறது. அந்தக் காலத்தில் இப்படி நடந்தால் மனசு நேராக எங்கே போகும்? யார் வைத்தது, எங்கே புதைத்தது என்றுதான் போகும். அவர் போய்ப் பேசியது டிலனாயிடம். 1741 குளச்சல் போரில் டச்சுப் படையோடு வந்து பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்த தளபதி, இன்றைக்கும் உதயகிரிக் கோட்டைக்குள் அடங்கியிருக்கிறவர். பீரங்கியும் கோட்டையும் தெரிந்த அந்தப் போர்வீரர் இவருக்கு என்ன சொன்னார்? மரபு சொல்வது, எல்லாவற்றையும் இழந்தும் கர்த்தரை விடாத யோபுவின் கதையைச் சொன்னாராம்.

யோபுவின் கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். பரலோகத்தில் சாத்தான் வந்து நின்று பேசுவதெல்லாம் அதில் உண்டு, அண்ணன் கட்சிக்கு நல்ல சாட்சி. ஆனால் 42 அதிகாரத்தில் சாத்தான் வருவது முதல் இரண்டில் மட்டும். அப்புறம் ஆளையே காணோம். மேலே அப்படி ஒரு பேச்சு நடந்தது என்று யோபுவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, மாட்டை ஓட்டிக்கொண்டு போனவன் சபேயன், ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டு போனவன் கல்தேயன். பெயரே தெரியும்! பழி சொல்ல ஆள் தயாராக இருந்தான். ஆனாலும் அவர் வாயில் வந்தது, 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார். கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்.' சாம்பலில் உட்கார்ந்து ஓட்டால் உடம்பைச் சுறண்டிக்கொண்டிருந்த மனுஷன், சாத்தானின் பெயரைக்கூடச் சொல்லாமல் சாத்தானைத் தோற்கடித்தார்.

அதைக் கேட்டு மனம் மாறிய நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பிறகு சிறை, சவுக்கடி, எருமை மேல் ஏற்றி ஊர்வலம், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. 2022 மே 15-இல் போப் அவரைப் புனிதராக அறிவித்தபோது குமரி மாவட்டமே கொண்டாடியது. அவர் ஜெயித்த யுத்தத்தில் எதிரிகள் யார்? அடித்த சேவகர்களா? அவர்களை அவர் சபித்ததாக ஒரு வரி கிடையாது.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துக்கொள்கிறேன். எதிரணியில் அடுத்துப் பேச வருகிற தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி. யோபு 42:10. 'யோபு தன் சிநேகிதருக்காக வேண்டுதல் செய்தபோது, கர்த்தர் அவன் சிறையிருப்பை மாற்றினார்.' எந்தச் சிநேகிதர்? 'நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இப்படி' என்று பக்கம் பக்கமாகக் குற்றம் சாட்டினவர்கள். கட்டுகளை அறுக்கிற ஜெபம் இது என்றால், அந்த மூத்த மருமகளும் இளைய மருமகளும் எந்த மூலையில் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று தம்பி வந்து சொல்லட்டும். நான் உட்கார்ந்து கேட்கிறேன். ஸ்தோத்திரம்.