வீட்டிலேயே பிள்ளைகளுக்குத் துணி தைக்கலாமா? கோபியிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஓர் அம்மிணி எழுதியிருக்கிறார். நாலு வயதில் ஒரு பெண், ஆறு மாதத்தில் ஒரு பையன். மாமியார் வீட்டில் காலால் மிதிக்கிற பழைய கறுப்பு மெஷின் சும்மா கிடந்ததாம். "அக்கா, திருப்பூரில் கிலோ கணக்கில் பனியன் துணி வாங்கி நானே தைத்தேன். தையல் விட்டு விட்டு விழுகிறது, கழுத்து அலை அலையாக நிற்கிறது. இப்படித் தைத்தால் காசு மிச்சமாகுமா? சின்னவனுக்கு என்ன தைக்கலாம்? வருகிற கோயில் நோம்பிக்குக் குடும்பத்துக்கே ஒரே துணியில் எடுக்க ஆசை, முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

காசு விஷயத்தை முதலில் பேசிவிடலாமுங்க. மிச்சமாகாது. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சின பிள்ளைகள் டி-சர்ட்டையும் டிரவுசரையும் குவித்துப் போட்டு விற்கிறார்கள். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அதே பனியனை வீட்டில் தைப்பது வீண் வேலை. துணி, நூல், ரப்பர், நம்ம முதுகுவலி எல்லாம் சேர்த்தால் கடை விலையே தேவலை. பனியன், ஜட்டி, டிரவுசர் எல்லாம் வாங்கிக்கொள்ளுங்கள். நாம் தைக்க வேண்டியது கடையில் கிடைக்காததை. அதாவது, உங்கள் பெண்ணின் உடம்புக்கு இந்த வருஷமும் பொருந்தி, அடுத்த வருஷமும் பிரித்துவிட்டுப் போடக்கூடிய துணி. ரெடிமேடில் ஓரம் பிரியாமல் இருக்க ஓவர்லாக் தையல் அடிக்கும்போதே ஓரத்தை வெட்டிவிடுவதால் பிரித்துவிட உள்ளே ஒன்றும் இருக்காது.

ஆனாலும் வாங்கின துணி கையில் இருக்கிறதே, அதற்கும் சொல்லிவிடுகிறேன். பனியன் துணி நெய்ததல்ல, பின்னினது. கூர் ஊசி அந்தக் கண்ணிகளைக் குத்தி அறுக்கும், தையலும் விட்டுப்போகும். பால்பாயிண்ட் ஊசி என்று கேட்டு வாங்குங்கள், முனை உருண்டையாக இருக்கும், கண்ணியை விலக்கிக்கொண்டு இறங்கும். பதினொன்றாம் நம்பரோ பதினாலோ போதும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், பருத்தி நூல் துணி இழுபடும்போது அறுந்துவிடும். கழுத்து அலையாக நிற்பது, தைக்கும்போது துணியைக் கையால் இழுத்ததால். துணியை அதன் போக்கில் விட்டு, கழுத்தில் வைக்கிற, இழுபடும் ரிப் பட்டையை மட்டும் கழுத்துச் சுற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைத்து வெட்டி, பட்டையை இழுத்துக் கொடுத்துத் தையுங்கள். பனியனுக்கு இவ்வளவு போதும்.

இனி பெண்ணுக்குப் பாவாடை சட்டை. அந்தக் கறுப்பு மெஷின் இதற்கென்றே செய்த மாதிரி, பருத்தித் துணியில் அதன் நேர்த்தையலுக்கு ஈடே கிடையாது. துணி வாங்கினதும் கத்தரியைத் தொடாதீர்கள். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு எடுங்கள். கஞ்சி போகும், மீட்டருக்கு ஒன்றிரண்டு இஞ்ச் சுருங்கவும் செய்யும். அந்தச் சுருக்கம் தைத்த பிறகு வந்தால் உங்கள் அளவெல்லாம் தண்ணீரோடு போச்சு.

அளவு எப்படி என்றால், மார்புச் சுற்று 22 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். ஓடியாடும் பிள்ளை, நாலு இஞ்ச் லூஸ் வேண்டும், 26. துணியை நாலாக மடித்து வெட்டுவதால் நாலால் வகுத்தால் ஆறரை. அதோடு பக்கத் தையலுக்கு ஒரு இஞ்ச் தாராளமாக விட்டு ஏழரையில் வெட்டுங்கள். அரை இஞ்ச் விட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதும்தான், ஆனால் அடுத்த வருஷம் பிரித்துவிட முடியாது. அப்புறம் கழுத்து. நாலு வயதுப் பிள்ளையின் தலைச்சுற்றே ஏறக்குறைய 20 இஞ்ச் இருக்கும். கழுத்தை அழகாகச் சின்னதாக வெட்டிவிட்டுத் தலை நுழையாமல் பிள்ளை அழுவதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். முதுகில் நாலு இஞ்ச் வெட்டு விட்டு ஒரு பட்டன் வைத்தால் தீர்ந்தது.

பாவாடையில்தான் உண்மையான லாபம் இருக்கிறது. நம்ம அப்பத்தா காலத்திலிருந்தே பட்டுப் பாவாடைக்கு மடிப்பு வைப்பது எதற்கு? அழகுக்கு மட்டும் இல்லைங்க. ஒரு இஞ்ச் மடிப்பு ரெண்டு இஞ்ச் நீளத்தை உள்ளே பிடித்து வைக்கும். ரெண்டு மடிப்பு என்றால் நாலு இஞ்ச். இந்த வயதில் பிள்ளைகள் வருஷத்துக்கு ரெண்டரை இஞ்ச் போல வளர்வார்கள், அதில் பாவாடைக்குப் பங்கு பாதிக்கு மேல். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மடிப்பை மட்டும் பெரிய தையலில் அடியுங்கள், பிரிக்கும்போது துணி கிழியாது. பிரித்த இடத்தில் வெளுத்துப்போன கோடு தெரியும். அதன் மேல் ஒரு லேஸ் ஓட்டிவிட்டால் புதுப் பாவாடை.

சின்னவனுக்குத் தாத்தாவின் பழைய வேட்டியைக் கேட்டு வாங்குங்கள். பலமுறை துவைத்த பருத்திக்கு இருக்கிற மெத்து புதுத் துணிக்கு வராது. தையல் ஓரம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி ஜப்லா, அதாவது கைக்குழந்தைக்கான லூஸ் சட்டை, தையுங்கள், தோலில் உராயாது. கழுத்தில் நாடா மட்டும் வேண்டவே வேண்டாம். கழுத்து இறுகிவிடும் என்பதால்தான் ஐரோப்பாவுக்குப் போகிற சின்னப் பிள்ளைகள் துணியில் கழுத்துக் கயிறு வைக்க விடுவதில்லை, திருப்பூர் கம்பெனிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். பக்கவாட்டில், முடிச்சுப் போடும் அளவுக்கு மட்டும் நாடா வையுங்கள்.

அங்கே இன்னொரு பழக்கம் உண்டு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்து, அதை நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். அதற்கு மேல், தைத்து முடித்த துணியை மெட்டல் டிடெக்டரிலும் விட்டு எடுப்பார்கள். வீட்டில் நமக்கு அந்த மெஷின் ஏது? ஊசி உடைந்தால் தைப்பதை அப்படியே நிறுத்திவிட்டு, காந்தத்தை வைத்துத் துணி, மடி, தரை எல்லாம் தடவித் தேடுங்கள். முனை கிடைக்காவிட்டால் அந்தத் துணி பிள்ளைக்கு வேண்டாம். இதில் மட்டும் பாவம் பார்க்காதீர்கள்.

நோம்பித் துணிக்கு வருகிறேன். ஈரோடு கனி மார்க்கெட்டில் திங்கள் சாயங்காலம் தொடங்கி செவ்வாய் வரை நடக்கிற வாரச் சந்தைக்குப் போங்கள். எல்லோருக்கும் வேண்டியதை ஒரே பீஸிலிருந்து ஒரே தடவையில் வெட்டி வாங்குங்கள். அடுத்த வாரம் அதே கடைக்குப் போனாலும் சாயம் ஒரு நூல் மாறியிருக்கும், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தால் தெரிந்துவிடும். வீட்டுக்காரருக்கு அரைக்கைச் சட்டை என்றால் 36 இஞ்ச் அகலத்தில் ரெண்டே கால் மீட்டர் வேண்டும். அதை மட்டும் டெய்லரிடம் கொடுத்துவிடுங்கள். காலர், கேன்வாஸ், காஜா எல்லாம் பழகாத கைக்கு வராது, அவரும் நோம்பியன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வெட்டின பிட்டுகளைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள், பையன் ஜப்லாவுக்குப் பாக்கெட்டும் பெண் சட்டைக்குக் கழுத்துப் பட்டியும் அதிலேயே வந்துவிடும். ஆனால் துணியை இப்போதே கொண்டுபோய்க் கொடுங்கள். பூச்சாட்டு ஆகி நோம்பி தொடங்கின பிறகு போனால் எந்த டெய்லரும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.