எதிரே தெரியும் நிலம்

உதகை வானொலி நேயர்களுக்கு என் வணக்கம். நம் மலையில் விமான நிலையம் இல்லை. ஆனாலும் விமானம் ஓட்டப் படிப்பதற்காக இங்கிருந்து சமவெளிக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. அவர்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் மனத்தில் வைத்து, நெடுநாள் பயிற்சி அளித்தவன் என்ற உரிமையில், சிறிய பயிற்சி விமானம் தரையை விட்டு எழும்பும் வேளையில் நேரும் விபத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

குக்கர் இல்லாவிட்டால் உதகையில் பருப்பு எளிதில் வேகாது. ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து, தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடுகிறது. இப்படி மெலிந்த காற்று விமானத்தின் இறக்கை, புரொப்பெல்லர், என்ஜின் மூன்றின் வலுவையும் ஒருசேரக் குறைக்கும். கோடை நண்பகலில் சமவெளிக் காற்றும் சூடேறி மெலிவதால், காலையில் சுலபமாக எழும்பிய விமானம் மதியம் நெடுந்தூரம் ஓடியும் தயங்கித் தயங்கித்தான் மேலேறும்.

அந்த நிலையில், 300 அடி உயரத்தில் என்ஜின் நின்றுவிட்டால், புறப்பட்ட ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அந்த எண்ணத்தை என் மாணவர்களிடம் நான் ஒருபோதும் அனுமதித்ததில்லை. வளைந்து திரும்பும்போது விமானம் ஓடுபாதையை விட்டுப் பக்கவாட்டில் விலகிவிடுவதால் 180 டிகிரி திரும்பினால் போதாது, அதற்கு மேலும் திரும்ப வேண்டும். அதற்குள் உயரம் தீர்ந்துவிடும். அவசரப்பட்டு 45 டிகிரி சாய்த்தால், இறக்கை தாங்கும் திறனை இழக்கும் வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அதோடு மூக்கையும் மேலே இழுத்தால், விமானிகள் ஸ்டால் என்று சொல்லும் நிலை வந்து, விமானம் ஒரு பக்கமாகப் புரண்டு விழும். மூக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் காத்து, எதிரே தெரியும் நிலத்தில் இறங்குவதே உயிர் பிழைக்கும் வழி.

ஒருமுறை, நான் அருகில் அமர்ந்திருக்க, என் மாணவர் ஒருவர் அப்படித்தான் நிலக்கடலைக் காட்டில் இறக்கினார். முன்சக்கரம் ஒடிந்தது, புரொப்பெல்லர் வளைந்தது. நாங்கள் இருவரும் கதவைத் திறந்து நடந்தே வெளியே வந்தோம். பிறகு தொட்டியின் அடியிலிருந்து எரிபொருளைக் கண்ணாடிக் குழலில் பிடித்துப் பார்த்தோம். நீல நிறப் பெட்ரோலுக்கு அடியில், கோலிக்குண்டு அளவுக்கு, நிறமில்லாத தண்ணீர் உருண்டு நின்றது. முந்தைய இரவு நல்ல மழை. தொட்டி மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. புறப்படும் முன்பே அப்படிப் பிடித்துப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தக் குழல் காலையிலிருந்து என் சட்டைப் பையில்தான் இருந்தது.