ஒய்.பி. கையில இருக்குறது நிலம்

தலைவர் அவர்களே, கோயில் கமிட்டி அண்ணன்மாரே, முன் வரிசையில உக்காந்திருக்குற அம்மாமாரே, ஹாலுக்குள்ள வராம வெளிய மோட்டார் மேலயே உக்காந்து கேக்குற தம்பிங்களே, எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் குடுத்த தலைப்பு நம்ம பினாங்கோட முன்னாள் துணை முதலமைச்சர் பேராசிரியர் இராமசாமியோட அரசியல் பயணம். சுங்கை பாக்காப்ல நின்னு இந்தத் தலைப்புல பேசுறது கொஞ்சம் வம்புதான், ஏன்னா இங்க அவர தலையில தூக்கி வெச்சவங்களும் இருக்கீங்க, அவர் பேர எடுத்தாலே முகத்த திருப்புறவங்களும் இருக்கீங்க, ரெண்டையும் ஒரே ஆளு செஞ்சதும் எனக்குத் தெரியும், பேரு சொல்ல மாட்டேன். நான் எந்தக் கட்சியிலயும் இல்ல. மாலை போடவும் வரல, சேறு வாரவும் வரல.

ஒரு சட்டமன்ற உறுப்பினரு, நாம ஒய்.பி.ன்னு கூப்பிடுறமே அவரு, அதுவும் துணை முதலமைச்சர் அளவுக்குப் போனவரு, அவரு கையில நெசமா என்ன இருந்துச்சு, அத வெச்சு என்ன பண்ணாரு, மத்ததெல்லாம் வெறும் பேச்சா, இதத்தான் பாக்கப் போறோம்.

வரலாற சுருக்கமா முடிச்சிடுறேன். 1949ல சித்தியவான்ல பொறந்தவரு. அமெரிக்கா, கனடான்னு போய்ப் படிச்சிட்டு வந்து யூ.கே.எம்., அதாவது மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்துல ரொம்ப வருஷம் வாத்தியாரு, அரசியல் பொருளாதாரம். அவரோட ஆராய்ச்சியில பெரும்பகுதி நம்மள பத்தித்தான், அதாவது தோட்டத் தொழிலாளி, சங்கம், முதலாளி, அரசாங்கம், இந்த நாலும் எப்படிக் கோர்த்துக்கிட்டு நிக்குதுன்னு. 1994ல ஆக்ஸ்ஃபோர்ட் காரங்க அத புத்தகமாவே போட்டாங்க. 2005ல பல்கலைக்கழகத்துல வேல நின்னு போச்சு, அரசியல் காரணம்னு அவரு சொன்னாரு, அதே வருஷம் ஜ.செ.க.வுல, அதாவது ஜனநாயக செயல் கட்சியில, சேந்துட்டாரு.

அப்புறம் 2008. 2007 நவம்பர் 25 கோலாலம்பூர்ல இந்தியர் உரிமைக்காக இண்ட்ராஃப் இயக்கம் நடத்துன பேரணி, கண்ணீர்ப்புகை, அதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, இந்த ஹால்லயே அன்னிக்கு ராத்திரி பஸ் ஏறிப் போனவங்க இருப்பீங்க. மார்ச் 8ந்தேதி தேர்தல்ல இவரு ரெண்டு எடத்துல நின்னாரு, பிறை சட்டமன்றம், பத்து காவான் நாடாளுமன்றம். பத்து காவான்ல எதுத்து நின்னவரு யாரு? 1990லேர்ந்து பினாங்கு முதலமைச்சரா இருந்த கோ சூ கூன். அவர 9,485 ஓட்டு வித்தியாசத்துல தோக்கடிச்சாரு. அதுக்கப்புறம் ரெண்டாவது துணை முதலமைச்சர். இந்த நாட்டுல ஒரு மாநிலத்துல அந்த நாற்காலியில ஒரு இந்தியர் உக்காந்தது அதுதான் மொத தடவ. அன்னிக்கு நம்ம வீடுங்கள்ல இருந்த சந்தோஷம் இருக்கே, தீபாவளிக்குக் கூட அப்படி இருந்ததில்ல.

சரி, நாற்காலி கெடச்சிருச்சு. அதுல உக்காந்தவரு என்ன பண்ண முடியும்? இங்கதான் நம்ம ஆளுங்க பெரும்பாலும் கோட்ட விடுறோம். நம்ம கூட்டரசு அரசியல் சட்டத்துல ஒன்பதாவது அட்டவணைன்னு ஒன்னு இருக்கு, அதுல எது கோலாலம்பூருக்கு, அதாவது மத்திய அரசாங்கத்துக்கு, எது மாநிலத்துக்குன்னு பங்கு பிரிச்சு வெச்சிருக்கான். பள்ளிக்கூடம் கோலாலம்பூரு. சம்பளம், தொழிலாளர் சட்டம் கோலாலம்பூரு. சிவப்பு ஐ.சி.ங்குற நிரந்தரவாசி அடையாள அட்டை, குடியுரிமை, போலீஸ், ஆஸ்பத்திரி எல்லாமே கோலாலம்பூரு. மாநிலத்துக்கு என்ன மிச்சம்? இஸ்லாம் சமய விவகாரம், ஊராட்சி, விவசாயம், காடு, எல்லாத்துக்கும் மேல நிலம். நிலம்ங்க, நிலம்! தோட்டத்துல பொறந்த நமக்கு அத விடப் பெருசா என்ன இருக்கு? லயத்து வீடு, அதான் தோட்டத்து வரிசை வீடு, நிக்குறது நிலத்து மேல, கோயில் நிக்குறது நிலத்து மேல, தமிழ்ப்பள்ளி நிக்குறது நிலத்து மேல, சுடுகாடும் நிலந்தான், அதுல எதுக்காச்சும் பட்டா நம்ம பேர்ல இருக்கான்னு கேட்டா முக்காவாசிப் பேரு மேல பாப்போம்.

இன்னும் ஒன்னு சொல்றேன், இத வீட்ல போயி பிள்ளைங்களுக்கும் சொல்லுங்க. 40 ஹெக்டருக்குக் கொறையாத தோட்டத்த, அதாவது கிட்டத்தட்ட 100 ஏக்கர், முதலாளி நெனச்ச மாதிரி துண்டு போட்டு விக்க முடியாது. தேசிய நிலச் சட்டத்துல 214ஏன்னு ஒரு பிரிவு, லெம்பாகா தானா லாடாங், அதாவது தோட்ட நில வாரியம், ஒப்புதல் குடுக்கணும். அது ஏன் வந்துச்சுன்னா 1950, 60கள்ல வெள்ளக்காரன் தோட்டத்த வித்துட்டுக் கெளம்பினப்ப வாங்குனவங்க துண்டு துண்டா வெட்டி வித்தாங்க, தொழிலாளி நடுத்தெருவுல நின்னான், அப்பத்தான் மந்திரியா இருந்த சம்பந்தன் 1960ல கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சு தொழிலாளிகிட்டயே மாசாமாசம் பத்து வெள்ளி வாங்கி தோட்டம் வாங்குனாரு, அது தனிக் கத, இன்னொரு நாள் பேசலாம். அந்த 214ஏ விக்குறதுக்கு. அதே மாதிரி செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, இருந்த எடத்துல வீடமைப்போ ஃபேக்டரியோ வரணும்னா துக்கார் ஷாராட், அதாவது நில நிபந்தனைய மாத்தணும், அந்தக் கையெழுத்தும் மாநில அரசாங்கந்தான். அந்தக் கையெழுத்துப் போடுற நேரத்துல "சரிப்பா, நீ கட்டிக்கோ, ஆனா இந்தத் தோட்டத்துல நாப்பது வருஷம் வேல செஞ்சவனுக்கு வீடு எங்க?"ன்னு கேக்க மாநிலத்துக்கு உரிமையும் இருக்கு, பலமும் இருக்கு. 1990ல வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் வேல செய்ற வரைக்குந்தான் வீடு குடுக்கும். வேல முடிஞ்சா வீடும் முடிஞ்சுது.

இப்ப இந்தக் கண்ணாடிய போட்டுக்கிட்டு இராமசாமிய பாருங்க.

அவருக்கு வந்த மொத பெரிய சோதனையே நிலந்தான். கம்போங் புவா பாலா, தீவுப் பக்கம் குளுகோர்ல, மாடு வளக்குறவங்க கிராமம், தலைமுறை தலைமுறையா இருந்த நம்ம சனங்க. அந்த நிலத்த அரசாங்க ஊழியர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் குடுக்க முடிவு பண்ணது முந்தின பாரிசான் கூட்டணி ஆட்சி. ஆனா பட்டா கைமாறினது 2008 தேர்தல் முடிஞ்ச பிறகு, புது ஆட்சி வந்த அதே மாசம். இத வெச்சுத்தான் ரெண்டு பக்கமும் இன்னிக்கு வரைக்கும் ஏசிக்கிட்டிருக்காங்க, அவன் வித்தான் இவன் தடுக்கலன்னு. மக்கள் கோர்ட்டுக்குப் போயி 2009ல கூட்டரசு நீதிமன்றத்துலயும் தோத்துட்டாங்க. கடைசியில இழப்பீடா ரெண்டு மாடி வீடு குடுக்குறோம்னு பேசினாங்க, பல குடும்பம் ஒத்துக்கிச்சு, சில பேரு ஒத்துக்கல, அந்த வருஷம் செப்டம்பர்ல புல்டோசர் வந்துருச்சு.

இராமசாமி அன்னிக்கு நடுவுல மாட்டிக்கிட்டாரு. மக்கள்கிட்ட பேசப் போனவரும் அவருதான், மக்கள் ஏசினதும் அவரத்தான். என் கருத்த நான் சொல்றேன், ஒத்துக்கணும்னு இல்ல. ரெண்டு மாடி வீடு சாதாரண விஷயம் இல்ல, இந்த நாட்டுல தோட்டத்த விட்டு வெளிய போனவங்கள்ல எத்தன பேருக்கு அது கெடச்சுது? கொஞ்சம் காச கையில திணிச்சு லாரியில ஏத்தி விட்டதுதான நம்ம சரித்திரம். ஆனா, இந்த ஆனா முக்கியம், தோட்டத் தொழிலாளி நிலம் இல்லாம போறத பத்தி புத்தகம் எழுதின மனுசன் பதவிக்கு வந்ததும் மொத வேலையா நில ஆபீஸ்ல கெடக்குற ஃபைல எல்லாம் தூக்கிப் பாத்திருக்கணும். அந்த மார்ச் மாசத்துல யாரோ பாத்திருந்தா கத வேற மாதிரி போயிருக்கலாம். நேத்துப் பதவிக்கு வந்தவங்க எப்படிப் பாப்பாங்கன்னு நீங்க கேக்கலாம், நியாயந்தான். எனக்கு இன்னும் மனசு ஆறல, அவ்ளோதான்.

பத்து காவான் பக்கம் வாங்க. இங்கேர்ந்து ரொம்ப தூரம் இல்ல. வெள்ளக்காரன் கரும்புத் தோட்டம் போட்ட காலத்துலேர்ந்து நம்ம பாட்டன் பூட்டன் வேர்வ கொட்டின மண்ணு. 2014 மார்ச்சுல ரெண்டாவது பாலம் தொறந்தாங்க, 2019ல ஐக்கியா பெரிய கடை வந்துச்சு, சுத்தி ஃபேக்டரிங்க. வளர்ச்சி வேணாம்னு யாரும் சொல்லல, நம்ம பிள்ளைங்களும் அங்கதான் ஷிஃப்ட் போகுதுங்க. ஆனா சனிக்கெழம ஐக்கியாவுல மீட்பால் திங்கப் போற பிள்ளைக்கு அந்தப் பக்கமெல்லாம் தன் கொள்ளுப்பாட்டி வேல செஞ்ச மண்ணுன்னு யாரு சொல்லிக் குடுக்குறா? சரி, அது என் பொலம்பல், விடுங்க.

தமிழ்ப்பள்ளி விஷயத்துல அவருக்குக் கொறை சொல்ல எனக்கு மனசு வராது. பினாங்குல 28 தமிழ்ப்பள்ளி. கல்வி கோலாலம்பூர் கையில, வாத்தியாரு சம்பளம், பாடப்புத்தகம் எதையும் மாநிலம் தொட முடியாது. இருந்தாலும் வருஷா வருஷம் மாநில அரசாங்கம் தனியா மானியம் ஒதுக்குச்சு, இவரு அத பிடிச்சுக்கிட்டே நின்னாரு. அதோட நிக்காம தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்னு பினாங்குல வரணும்னு கேட்டாரு. அது நடக்கல. ஏன் நடக்கல? மாநிலம் எடம் குடுக்கலாம், பள்ளிக்கூடம் நடத்த உரிமம் குடுக்குறது மத்திய கல்வி அமைச்சு, அவங்க ஒத்துக்கல. மறுபடி அதே அட்டவணதான், பாத்தீங்களா.

இந்து அறப்பணி வாரியத்துக்கும் அவரு ரொம்ப நாளு தலைவர். 1906லேர்ந்து இருக்குற சட்டத்துல வந்த வாரியம், கோயில் சொத்து, சுடுகாடு எல்லாம் அது கையில. தண்ணிமலை முருகன் கோயில் புதுசா எழும்பி 2012ல கும்பாபிஷேகம் ஆச்சு. 2017 தைப்பூசத்துக்கு தங்க ரதம் வந்துச்சு. அதுவரைக்கும் செட்டியாருங்களோட வெள்ளி ரதந்தான், திடீர்னு ரெண்டு ரதம், ஊரு ரெண்டாச்சு. முருகனுக்கு ரெண்டு பொண்டாட்டி இருக்குறப்ப ரெண்டு ரதம் இருந்தா என்னன்னு ஒரு பெரியவரு கேட்டாரு, அதுக்கு மேல பேச எனக்கு ஒன்னும் இல்ல. அந்த வாரியத்துப் பணம் சம்பந்தமா 2025 ஜனவரியில அவர் மேல கோர்ட்டுல குற்றம் சாட்டினாங்க, அவரு குற்றத்த மறுத்தாரு. தீர்ப்பு சொல்றது நீதிபதி வேல, இந்த மேடையோட வேல இல்ல, அதனால அதோட நிறுத்திக்கிறேன்.

இப்ப அவர பேப்பர்ல பெரிய எழுத்துல போட்டதெல்லாம் எதுக்குன்னு யோசிங்க. நிலத்துக்கு இல்ல. ஈழத்துக்கு, இஸ்லாமியப் பிரசாரகர் ஜாகிர் நாயக்குக்கு. ஈழத் தமிழருக்கு நடந்தது இனப்படுகொலைன்னு துணை முதலமைச்சரா இருந்துக்கிட்டே பேசினாரு, அதுக்கு ஒரு நெஞ்சுரம் வேணும். 2019 அக்டோபர்ல விடுதலைப் புலிங்களோட தொடர்புன்னு சொல்லி சொஸ்மாங்குற பாதுகாப்புச் சட்டத்துல 12 பேர பிடிச்சாங்க, அதுல ரெண்டு பேரு சட்டமன்ற உறுப்பினருங்க, மலாக்கா காடேக் சாமிநாதன், நெகிரி செம்பிலான் சிரம்பான் ஜெயா குணசேகரன். ஆளுற கட்சியோட ஒய்.பி.ங்க, தங்களோட சொந்த ஆட்சியிலயே உள்ள போனாங்க. 2020 பிப்ரவரியில அட்டர்னி ஜெனரல் வழக்க வாபஸ் வாங்கினாரு. அதுவரைக்கும் ஜாமீன் கெடையாது, குடும்பம் பட்ட பாடு அவங்களுக்குத்தான் தெரியும். ஜாகிர் நாயக் போட்ட அவதூறு வழக்குல 2023 நவம்பர்ல உயர் நீதிமன்றம் இராமசாமி 15 லட்சத்து 20 ஆயிரம் வெள்ளி கட்டணும்னு சொல்லிருச்சு. நம்ம சனங்க அஞ்சு வெள்ளி பத்து வெள்ளின்னு போட்டாங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சுது. ஆனா அதே சனங்க ஒரு லயத்து வீட்டுப் பட்டாவுக்கு ஒரு வக்கீலப் பிடிக்க இப்படிச் சேந்து காசு போட்டிருக்கமா? நான் பாக்கல.

2013ல நாடாளுமன்றத்த விட்டுட்டு பிறையில மட்டும் நின்னாரு, பத்து காவான் கஸ்தூரி பட்டுவுக்குப் போச்சு. 2018லயும் ஜெயிச்சாரு. 2023ல கட்சி சீட்டு குடுக்கல. அந்த ஆகஸ்ட்லயே கட்சிய விட்டு வெளிய வந்தாரு, நவம்பர்ல உரிமை கட்சிய ஆரம்பிச்சாரு, சங்கப் பதிவு இலாகா பதிவ நிராகரிச்சுது. பதினஞ்சு வருஷம் பதவியில இருந்தப்ப கட்சியில கண்ணுக்குத் தெரியாத குத்தமெல்லாம் சீட்டு போனதும் தெரியுமான்னு கேக்குறவங்க இருக்காங்க, அதுல நியாயம் இல்லாம இல்ல.

2024 மேயில சிலாங்கூர்ல கோல குபு பாரு சட்டமன்ற இடைத்தேர்தல். இராமசாமி அங்க போயி இந்தியர்ங்க பக்காத்தானுக்கு, அதாவது ஜ.செ.க. இருக்குற கூட்டணிக்கு, ஓட்டு போடாதீங்கன்னு பிரசாரம் பண்ணாரு. ஜ.செ.க. 3,869 ஓட்டுல ஜெயிச்சிருச்சு, அது கெடக்கட்டும். அங்க மேடையில ஓடுன விஷயம் என்ன தெரியுமா? நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், மேரி, சுங்கை திங்கி, மின்யாக், இந்த அஞ்சு தோட்டத்து மக்களோட வீடு. 245 குடும்பம், இருபது வருஷத்துக்கு மேல காத்துக்கெடந்தவங்க. நிலம் கைமாறி, கம்பெனி மாறி, ஆட்சி மாறி, ஒய்.பி. மாறி, வீடு மட்டும் வரல. நம்ம ஊர்லயே அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு, ஜூலை 6, இடைத்தேர்தல் நடந்துச்சு, எத்தன கொடி, எத்தன பெரிய மனுசங்க, பசார்ல நடக்க வழி இல்ல. எதிர்க்கட்சியான பாஸ் கட்சி வேட்பாளர் 4,267 ஓட்டுல ஜெயிச்சாரு. அந்த ரெண்டு வாரத்துல இங்க வந்தவங்க ஒருத்தர்கிட்டயாச்சும் நம்ம வால்டோர் பக்கத்து லயத்து நிலம் யாரு பேர்ல இருக்கு, எப்ப துக்கார் ஷாராட் கேக்கப் போறாங்கன்னு யாராச்சும் கேட்டோமா? ஆஸ்பத்திரி கேட்டோம், அது மத்திய அரசாங்கம். பாலிதீன் பையில அரிசி குடுத்தாங்க, அத வாங்கிக்கிட்டோம்.

கமிட்டித் தலைவர்கிட்ட ஏற்கனவே சொல்லிட்டேன், கோயில் நிலத்துக்கும் லயத்துக்கும் நில ஆபீஸ்ல காசு கட்டி தேடல் எடுக்கலாம், லாட் நம்பர் தெரிஞ்சா போதும், யாரு பேரு, என்ன நிபந்தன, எல்லாம் அந்தத் தாள்ல இருக்கும். அந்தத் தாள கையில வெச்சுக்கிட்டுத்தான் ஒய்.பி. ஆபீசுக்குப் போகணும், வெறும் கைய வீசிக்கிட்டுப் போயி ஃபோட்டோ புடிச்சுட்டு வரக்கூடாது. இந்த மாசக் கடைசியில ஒரு கூட்டம் போயி எடுக்கலாம்னு பேச்சு, வர்றவங்க வாசல்ல இருக்குற நோட்டுல பேரு எழுதிட்டுப் போங்க. பின்னாடி ஒரு தம்பி ரொம்ப நேரமா கைய தூக்கிக்கிட்டே நிக்குறாரு, இராமசாமிய நான் கொறச்சுப் பேசிட்டேன்னு சண்டைக்கு வர்றாரு போல, மைக்க அவருகிட்ட குடுங்க.