வெள்ளிக்கிழமை இரவு, எட்டு டாலர்

நேயர்களுக்கு வணக்கம். விளையாட்டைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டது எனக்கே ஆச்சரியம்தான். நான் பந்தைக் கையில் தொட்டதே பள்ளிக்கூட பி.டி. வகுப்பில்தான். ஆனால் அமெரிக்காவின் இண்டியானாவுக்குக் குடிவந்து பதினோரு வருடமாகிறது. இந்த மாநிலத்தில் இருந்துகொண்டு கூடைப்பந்திலிருந்து தப்பிக்க முடியாது. அதைக் குறைந்த செலவில் நேரில் பார்ப்பது பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

வந்த புதிதில், வேறொரு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, குடும்பத்தோடு ஒரு தொழில்முறை ஆட்டத்துக்குப் போனோம். நாலு டிக்கெட், வண்டி நிறுத்தக் காசு, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஒரு மாத மளிகைச் செலவு. உட்கார்ந்த இடமோ அவ்வளவு உயரம்; ஆட்டத்தை மேலே தொங்கிய திரையில்தான் பார்த்தோம். "இதை வீட்டு டிவியிலேயே பார்த்திருக்கலாமே" என்று என் கணவர் மூன்று நாள் புலம்பினார்.

அப்புறம் என் மகள் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். அவள் கிளாரினெட் வாசிப்பவள். பள்ளி ஆட்டங்களுக்கு வாசிக்கிற பெப் பேண்டில் சேர்த்துக்கொண்டார்கள். அவளைக் கொண்டுபோய் விட வேண்டும், திரும்பக் கூட்டிவர வேண்டும். நடுவில் வீட்டுக்கு வந்து போக சோம்பல். சரி, உள்ளே உட்கார்ந்துவிடலாம் என்று எட்டு டாலர் கொடுத்து நுழைந்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

பெரும்பாலான பள்ளிகளில் டிக்கெட் பத்து டாலருக்குள் முடிந்துவிடும். வண்டி நிறுத்தக் காசு கிடையாது. ஆறு மணிக்கு இளையவர் அணி ஆடும், ஏழரை வாக்கில் முதன்மை அணி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். பெஞ்சில் உட்கார்ந்தால் காலணி தரையில் கீச்சிடுவது கேட்கும். பயிற்சியாளர் பையனைத் திட்டுவதும் கேட்கும், அவன் அம்மா பயிற்சியாளரைத் திட்டுவதும் கேட்கும். தீனிக் கடையில் நிற்பவர்கள் எல்லாரும் பெற்றோர்கள்தான். நம்மில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பாப்கார்னும் நாச்சோவும்தான் கதி. வாக்கிங் டாக்கோ என்று ஒன்று விற்பார்கள். சிப்ஸ் பொட்டலத்தைக் கிழித்து அதற்குள்ளேயே இறைச்சியைக் கொட்டித் தருவது. பெயரை மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

இதெல்லாம் மேலோட்டமான சமாச்சாரம். என்னை உண்மையாகவே பிடித்து இழுத்தது மாநிலப் போட்டியின் விதி. இங்கே தகுதிச் சுற்று என்று எதுவும் இல்லை. சீசன் முழுக்கத் தோற்ற அணியும் போட்டிக்குள் உண்டு. யாருக்கு யார் எதிரி என்பதைப் பல காலம் திருவுளச் சீட்டுப் போல எடுத்துத்தான் முடிவு செய்தார்கள். ஒரு தோல்வி, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1911இல் தொடங்கியது இந்தப் போட்டி. 1997 வரை இரண்டாயிரம் பேர் படிக்கிற பள்ளியும் நூறு பேர் படிக்கிற பள்ளியும் ஒரே கோப்பைக்குத்தான் மோதின. அதற்குப் பிறகு மாணவர் எண்ணிக்கையை வைத்து நான்கு பிரிவாக்கிவிட்டார்கள். அந்த வருத்தம் இன்றும் ஆறாத பெரியவர்களை எந்த ஜிம்மிலும் பார்க்கலாம். பக்கத்தில் உட்கார்ந்தால் இடைவேளை முழுக்க அதையே பேசுவார்கள். நான் அவர்கள் கட்சி.

அவர்கள் பேச்சில் மைலன் என்ற ஊர் வராமல் போகாது. எழுத்தைப் பார்த்து நான் இத்தாலிய நகரம் மாதிரி மிலான் என்று சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். அந்தப் பள்ளியில் மொத்தமே 161 மாணவர்கள். 1954 இறுதி ஆட்டத்தில் மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை எதிர்த்து ஆடினார்கள். கடைசிக் கால் பகுதியில் பாபி பிளம்ப் என்ற பையன் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கு நிமிடத்துக்கு மேல் சும்மா நின்றான். அந்தக் காலத்தில் இத்தனை நொடிக்குள் எறிய வேண்டும் என்ற கடிகாரம் இல்லை. தொழில்முறை ஆட்டத்திலேயே அந்த ஆண்டு பிற்பகுதியில்தான் 24 நொடி விதி வந்தது. கடைசி நொடிகளில் அதே பிளம்ப் எறிந்த பந்து கூடையில் விழ, 32க்கு 30 என்று மைலன் ஜெயித்தது.

இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். இதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. அதே 1954இல் இறுதிக்குப் போகும் வழியில் மைலன் தோற்கடித்த அணிகளில் ஒன்று இண்டியானாபொலிஸின் கிறிஸ்பஸ் அட்டக்ஸ். கறுப்பின மாணவர்களைத் தனியே ஒதுக்கி வைப்பதற்காக 1927இல் திறந்த பள்ளி அது. பெரிய கூட்டத்தை உட்கார வைக்கும் ஜிம்கூடக் கட்டித் தரவில்லை. ஆடுவதற்கு வெளி அரங்கங்களைத்தான் தேடிப் போனார்கள். அந்த அணியில் இருந்த, பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் பெரும் நட்சத்திரமான இளம் ஆஸ்கார் ராபர்ட்சன் அடுத்த ஆண்டே மாநிலக் கோப்பையை வென்றார். 1956இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் மறுபடியும் வென்றார்கள். ஆனால் 1955 வெற்றி ஊர்வலத்தை நகர மையத்தில் கொண்டாட விடாமல், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் இருந்த பூங்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ராபர்ட்சன் அதை மறக்கவே இல்லை. அட்டக்ஸ் இன்றும் ஆடுகிறது. 2017இல் தன் பிரிவில் மாநிலக் கோப்பையை எடுத்தது. அங்கே போய் ஒரு ஆட்டம் பாருங்கள்.

மைலன், அட்டக்ஸ் இரண்டும் கோப்பை வாங்கிய அரங்கம் இன்னும் நிற்கிறது. பட்லர் பல்கலைக்கழகத்தின் ஹிங்கிள் ஃபீல்ட்ஹவுஸ், 1928இல் திறந்தது. மேலே பெரிய பெரிய ஜன்னல்கள். சனிக்கிழமை மதிய ஆட்டத்துக்குப் போனால் வெயில் சாய்வாக மரத்தரையில் விழும். பெயருக்குக் காரணமான டோனி ஹிங்கிள்தான் பழுப்பாக இருந்த பந்தை ஆரஞ்சு நிறமாக்க முயற்சி எடுத்தவர். பட்லர் ஆண்கள் ஆட்டம் கொஞ்சம் விலை கூடுதல். பெண்கள் ஆட்டம் மலிவு, அரங்கம் அதேதான்.

கார்டன் ஹேவர்ட் என்று ஒரு பையன். 2008இல் பிரவுன்ஸ்பர்க் பள்ளிக்காக ஆடியபோது மாநில இறுதியில் மணி அடிக்கும் நொடியில் கூடை போட்டு 40க்கு 39 என்று ஜெயிக்க வைத்தான். இரண்டே வருடத்தில், பட்லருக்காக, கல்லூரிகளின் தேசிய இறுதி ஆட்டம். அதுவும் பட்லர் இருக்கும் இண்டியானாபொலிஸிலேயே. டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிராக இரண்டு புள்ளி பின்னே இருக்கும்போது பாதி மைதானத்திலிருந்து எறிந்தான். பந்து பலகையில் பட்டு, வளையத்தில் பட்டு, வெளியே போனது. அதற்குப் பிறகு தொழில்முறையில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க என்ன விலை என்று கேட்கவே வேண்டாம். பிரவுன்ஸ்பர்க் ஜிம்மில் அவரைச் சில டாலருக்குப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்!

இன்னும் சிக்கனமாக வேண்டும் என்றால் டிவிஷன் மூன்று, அதாவது கல்லூரி விளையாட்டின் மூன்றாம் நிலையில் ஆடும் கல்லூரிகள். விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கக்கூடாது என்பது அங்கே விதி. ஆடுகிற எல்லாரும் ஆசைக்காக ஆடுகிறவர்கள். கிராஃபர்ட்ஸ்வில்லில் வாபாஷ், ஆண்கள் மட்டும் படிக்கும் கல்லூரி, 1982 தேசிய சாம்பியன். முதல் மாநிலக் கோப்பையை வாங்கியதும் கிராஃபர்ட்ஸ்வில் பள்ளிதான். கிரீன்காசிலில் டிபா, அதன் பெண்கள் அணி 2013இல் 34 ஆட்டம் ஆடி 34லும் ஜெயித்தது. இரண்டுமே இண்டியானாபொலிஸிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம்.

பெண் குழந்தைகள் இருக்கும் வீட்டார் ஒன்றைக் கவனியுங்கள். மாணவிகளின் மாநிலப் போட்டி மாணவர்களுடையதைவிடச் சீக்கிரமே முடிந்துவிடும். மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டு நான் ஒரு வருடம் கோட்டை விட்டேன். கைப்பை விஷயத்திலும் சில இடங்களில் கண்டிப்பு உண்டு, முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள். பேண்ட் பக்கத்தில் மட்டும் உட்காராதீர்கள். என் மகளே வாசித்தாலும் சொல்கிறேன், காது போய்விடும்.

நாளை வெள்ளிக்கிழமை. எங்கள் ஜிம்மில் தீனிக் கடைப் பொறுப்பு என்னுடையது. வருகிறவர்கள் தமிழிலேயே கேளுங்கள், பாப்கார்னில் வெண்ணெய் கொஞ்சம் தூக்கலாகவே ஊற்றித் தருகிறேன். வணக்கம்.